பூஞ்சையைப் பட்டினி போட்டு ஜிப்ரெல்லின் எடுப்பது எப்படி?

நெல் வயலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, ஒல்லியாக, அளவுக்கு மீறி நெட்டையாக வளர்ந்து நின்றால் அது பகானே நோய். நோய்க்குக் காரணமான பூஞ்சையை வளர்த்து, வடிகட்டிய நீரை மட்டும் கொடுத்தாலும் நாற்று நெடுநெடுவென வளரும் என்று 1926-இல் ஜப்பானிய அறிவியலாளர் எயிச்சி குரோசவா காட்டினார். அந்த நீரில் இருந்த, செடியை நெட்டையாக்கும் ஹார்மோனுக்கு 1935-இல் இன்னொரு ஜப்பானியரான யபுதா வைத்த பெயர் ஜிப்ரெல்லின். இன்று விற்பனைக்கு வரும் ஜிப்ரெல்லின் வகையான ஜிப்ரெல்லிக் அமிலமும் அதே பூஞ்சையிலிருந்துதான் வருகிறது.

இது ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை; சமையலறைக்கு ஆகாது. இந்தப் பூஞ்சை பயிர்க்கொல்லி. நச்சுப் பொருள்களையும் சுரக்கக்கூடியது.

முதல் படி: வித்து வளர்ப்பு

நுண்ணுயிர் சேமிப்பகத்திலிருந்து ஃபியூசேரியம் ஃபியூஜிகுரோய் (பகானே பூஞ்சையின் அறிவியல் பெயர்) வாங்கி, உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்ற கட்டியான வளர்ப்பு ஊடகத்தில் 28 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வளர்க்கவும். அதிலிருந்து சிறு துண்டை வெட்டித் திரவ ஊடகத்தில் போட்டு, இரண்டு நாள் குலுக்கியில் வைத்தால் வித்து தயார்.

இரண்டாம் படி: உற்பத்தி ஊடகம்

சூட்சுமம் முழுவதும் இங்கேதான். நன்றாக ஊட்டினால் நன்றாகச் சுரக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. ஊடகத்தில் நைட்ரஜன் தாராளமாக இருக்கும்வரை ஜிப்ரெல்லினைத் தயாரிக்கும் மரபணுக்களைப் பூஞ்சை முடக்கியே வைத்திருக்கும். உடம்பை மட்டும் வளர்த்துக்கொள்ளும். நைட்ரஜன் தீர்ந்து, சர்க்கரை மட்டும் மிஞ்சும்போதுதான் அவை விழித்துக்கொள்கின்றன.

ஆகவே ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 80 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 1 கிராம், நுண்தனிமக் கரைசல் சிறிது. அம்மோனியம் நைட்ரேட்டோ வெறும் 0.48 கிராம். பத்து மடங்கு நைட்ரஜன் (4.8 கிராம்) சேர்த்த ஒரு குடுவையையும் பக்கத்தில் வையுங்கள். வேறுபாட்டை நேரில் பார்த்தால் எந்தப் பாடமும் தேவைப்படாது.

குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்து பிறகு கலக்கவும். சேர்த்தே சூடாக்கினால் பழுப்பேறும். பிஎச் (அமில-கார அளவு) 5 அளவில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: நொதித்தல்

250 மில்லி கூம்புக் குடுவையில் 50 மில்லிக்கு மேல் ஊடகம் வேண்டாம். காற்றுக்காகத்தான் இந்தக் கஞ்சத்தனம். ஜிப்ரெல்லின் தயாரிப்பில் பல கட்டங்களுக்கு ஆக்சிஜன் தேவை. வித்தைச் சேர்த்து 28 டிகிரியில், நிமிடத்துக்கு 200 சுற்று வேகத்தில் ஒரு வாரம் குலுக்கவும்.

முதலில் வெளுத்த கூழாக இருக்கும் கலவை, போகப்போக சிவப்பேறினால் நல்ல அறிகுறி. அந்தச் சிவப்பு பிகாவெரின் என்ற நிறமி. அதுவும் நைட்ரஜன் தீர்ந்த பிறகே வரும். ஆனால் சிவப்பைப் பார்த்து ஹார்மோன் வந்துவிட்டதாக முடிவுகட்டிவிடக் கூடாது. ஜிப்ரெல்லிக் அமிலத்துக்கு நிறமே கிடையாது.

நான்காம் படி: பிரித்தெடுத்தல்

பூஞ்சைத் திரளை வடிகட்டி ஒதுக்குங்கள். ஹார்மோன் பெரும்பாலும் நீரில்தான் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2.5-க்கு இறக்கினால் மூலக்கூறு மின்னூட்டம் இழந்து கரிமக் கரைப்பானுக்குத் தாவும். பிரிபுனலில் சம அளவு எத்தில் அசிட்டேட் ஊற்றி மும்முறை குலுக்கி, மேலடுக்கைச் சேகரிக்கவும். கரைப்பானைச் சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரிக்குள் வெளியேற்றவும். எத்தில் அசிட்டேட் சட்டென்று தீப்பற்றும். சூடும் காரமும் ஜிப்ரெல்லிக் அமிலத்தைச் சிதைக்கும்.

ஐந்தாம் படி: சோதனை

சிலிக்கா தகட்டில் உங்கள் சாற்றையும் தூய ஜிப்ரெல்லிக் அமிலத்தையும் அருகருகே ஓடவிட்டு, கந்தக அமிலம் கலந்த எத்தனால் தெளித்துச் சூடாக்குங்கள். புற ஊதா விளக்கின் கீழ் இரண்டும் ஒரே உயரத்தில் ஒளிர வேண்டும். குட்டை ரக நெல் நாற்றுகளில் சில துளி இட்டும் பார்க்கலாம். பூஞ்சை சேர்க்காத ஊடகத்தை அதே முறையில் பிரித்தெடுத்த சாற்றையும் வேறு நாற்றுகளுக்கு இடுங்கள், இல்லையென்றால் ஒப்பிட எதுவும் இருக்காது.

இந்தச் சாற்றைத் தோட்டத்துப் பயிருக்குத் தெளிக்க வேண்டாம். இதில் பூஞ்சையின் நச்சும் கலந்திருக்கலாம். மிஞ்சிய பூஞ்சைத் திரள், குடுவை, நாற்று எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் கொன்ற பிறகே அப்புறப்படுத்துங்கள்.