தொண்டுக்காக மரச்சிற்பம் விற்பவர்களுக்கு

முதியோர் இல்லத்துக்கோ பள்ளிக்கோ நிதி திரட்ட, கையால் செதுக்கிய பிள்ளையாரையோ யானையையோ விற்க எண்ணுபவர்கள், முதலில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரமரத்தில் செதுக்கிய முகம், வாங்கியவர் வீட்டு அலமாரியில் சில வாரம் இருந்ததும் நெற்றியிலிருந்து தாடைவரை வெடித்துவிடும். நல்ல மனத்தோடு பணம் கொடுத்தவருக்கு அது எவ்வளவு வருத்தம்! மரத்துண்டைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வாருங்கள். எடை தொடர்ந்து குறையாமல் நின்ற பிறகே உளியை எடுங்கள். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், ஏனெனில் சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

விலைச்சீட்டில், மரம், எண்ணெய் ஆகியவற்றின் செலவு போக எத்தனை ரூபாய் தொண்டுக்குச் செல்கிறது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் புவிசார் குறியீடு (ஊர்ப்பெயரோடு வழங்கும் பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு) பெற்றது என்பதால், வீட்டில் செதுக்கியதற்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. அது அவ்வூர்க் கைவினைஞர்களின் உழைப்புக்குரியது. விற்றுவந்த தொகையை இல்லத்தில் ஒப்படைத்ததும் கிடைக்கும் ரசீதின் நகலை, சிற்பம் வாங்கியவர்களுக்கு அனுப்புங்கள்.