மைலுக்கு எத்தனை சதம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

ரொறன்ரோ, பிரம்டன் பக்கத்தில் புதிதாக ஏஇசட் லைசென்ஸ் (ட்ரெய்லர் இழுக்கும் பெரிய ட்ரக்குக்கான ஒன்ராறியோ அனுமதி) எடுத்து நெடுந்தூர ஓட்டத்துக்கு வருகிற தமிழர்கள், வேலைக்குச் சேர முன் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மைலுக்கு எவ்வளவு?" ஒரு கொம்பனி 65 சதம் என்கிறது, இன்னொன்று 62 என்கிறது. கேட்டவர் 65-க்குப் போய்விடுகிறார். சில மாதம் கழித்துப் பார்த்தால் 62-க்குப் போன சிநேகிதருக்கு அதே ஓட்டத்துக்குக் கூடக் காசு வருகிறது. இப்போது மூத்த ஓட்டுநர்களாக இருக்கிற பலர் தொடக்கத்தில் விழுந்த குழி இது. இன்றைக்கும் புதியவர்கள் அதிலேயே விழுகிறார்கள். சம்பளத் தாளைப் பாராமல் விடுவது, ரசீதைத் தொலைப்பது போன்றவை சொல்லாமலே தெரிந்தவை. அவற்றை இங்கே எழுதவில்லை.

எந்த மைல் என்று கேளாமல் சேர்வது

ஒரே பயணத்துக்கு மூன்று விதமான மைல் உண்டு.

முதலாவது ஹப் மைல். ட்ரக்கின் ஓடோமீற்றர் காட்டும் முழுத் தூரம். இதற்குச் சம்பளம் கொடுக்கிற கொம்பனிகள் குறைவு.

இரண்டாவது பிராக்டிகல் மைல். 53 அடி ட்ரெய்லர் இழுக்கிற ட்ரக் உண்மையில் போகக்கூடிய நெடுஞ்சாலை வழியைக் கணினி கணக்கிட்டுத் தருவது. ஓடோமீற்றருக்குக் கிட்டத்தட்ட அருகே வரும்.

மூன்றாவது ஷோர்ட் மைல். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலின் பழைய தூர அட்டவணையிலிருந்து வந்ததால் இதை எச்எச்ஜி மைல் என்றும் சொல்வார்கள். இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழியை மட்டும் இது எடுக்கும். அந்த வழியில் ட்ரக் போக வசதி உண்டா, ஊருக்குள் நுழைந்து எத்தனை சிக்னலில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டல்ல. பல கொம்பனிகளில் தூரம் முகவரியிலிருந்து முகவரிக்கு அளக்கப்படுவதும் இல்லை. நகரத்திலிருந்து நகரத்துக்கு, அல்லது அஞ்சல் குறியீட்டிலிருந்து குறியீட்டுக்கு அளக்கிறார்கள். சிக்காகோவின் ஒரு மூலையில் இறக்கிவிட்டு அதே நகரின் மறு மூலைக்குப் போய் அடுத்த லோட் ஏற்றினால், நீங்கள் ஓடியது 30 மைலாக இருந்தாலும் தாளில் பூச்சியம் விழலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓடோமீற்றரில் 1,500 மைல் ஓடுகிற ஒரு பயணம் என்று வைப்போம். ஷோர்ட் மைலில் அது 1,380 என்று வந்தால் 65 சத விகிதத்தில் 897 டொலர். பிராக்டிகல் மைலில் 1,470 என்று வந்தால் 62 சத விகிதத்தில் 911 டொலர் 40 சதம். குறைந்த விகிதம் கூடிய சம்பளத்தைத் தருகிறது. 65 என்று சொல்லப்பட்ட ஓட்டுநர் உண்மையில் உருட்டிய ஒவ்வொரு மைலுக்கும் வாங்கியது 59.8 சதம். வருடத்துக்கு 1,20,000 மைல் ஓடுகிறவர் 65 சதத்தை நம்பி 78,000 டொலர் எதிர்பார்த்திருப்பார். இதே எட்டு வீதக் குறைவு வருடம் முழுக்க நீடித்தால் கைக்கு வருவது 71,760. போன 6,240 டொலருக்கு அவர் டயரும் தேய்த்தார், தூக்கமும் கெட்டார். பேரம் பேசி ஒரு சதம் கூட்டிக் கேட்பதில் மணிக்கணக்கில் மினக்கெடுகிறவர்கள், எட்டு வீதம் போகிற இந்த இடத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கேட்க வேண்டியவை நாலே நாலு. தூரத்தை எந்த மென்பொருள் கணக்கிடுகிறது? பிசி மைலர் பரவலாக உள்ளது. அதில் எந்த முறை: பிராக்டிகலா, ஷோர்ட்டெஸ்டா? மென்பொருளின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் விடாதீர்கள். ஒரே பிசி மைலர் இரண்டு முறையிலும் தூரம் தரும். முகவரிக்கு முகவரியா, நகரத்துக்கு நகரமா? வெறும் ட்ரெய்லரோடு ஓடும் மைலுக்கும் அதே விகிதமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாயால் சொன்னது ஆள் மாறும்போது மாறிவிடும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் தாமே அளந்து பார்க்கலாம். மூன்று பயணங்களுக்கு, லோட் ஏற்றப் புறப்படும்போதும் இறக்கி முடித்தபோதும் ஓடோமீற்றரைப் படம் எடுத்து வையுங்கள். பார்க்கிங் தேடியும் சாப்பாட்டுக்கும் விலகி ஓடிய மைலைக் கழியுங்கள். சம்பளத் தாளில் உள்ள மைலை மீதியால் வகுத்தால் 0.97-க்கு மேல் வந்தால் நல்லது. 0.95-க்குக் கீழே இறங்கினால், லோட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாச்சிடம் கேளுங்கள். 0.92 என்று மூன்று முறையும் வந்தால் அது ஷோர்ட் மைல்தான். ஓடோமீற்றர் கிலோமீற்றரில் இருந்தால் முதலில் 1.609-ஆல் வகுக்க மறக்க வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தைத் தானம் செய்வது

சில்லு உருளாத நேரத்துக்கு மைல் கணக்கில் காசில்லை. பயணத்துக்கு முந்திய சோதனை, டீசல், தராசு, புளூ வாட்டர் பாலத்திலோ பீஸ் பாலத்திலோ எல்லை வரிசை, குளிர்சாதனக் கிடங்கில் நாலு மணி நேரம் கதவு கிடைக்காமல் நிற்பது எல்லாம் இதில் அடங்கும். வாரத்துக்கு 2,500 மைல், 62 சதம் என்றால் 1,550 டொலர். ஓட்டம் 49 மணி, மற்ற வேலை 14 மணி என்று எடுத்தால் மொத்தம் 63 மணி. மணிக்கு 24 டொலர் 60 சதம். வேறு வேலையோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

டிடென்ஷன் காசு, அதாவது ஏற்றி இறக்கும் இடத்தில் காத்திருந்ததற்கான காசு, வழக்கமாக முதல் இரண்டு மணி நேரம் கழிந்த பிறகே தொடங்கும். எப்போதிருந்து எண்ணுவார்கள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குறித்த நேரத்துக்கு முன்னே போனால் குறித்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். பத்து நிமிடம் பிந்தினாலும் பல இடங்களில் முழு உரிமையும் போய்விடும். ஆகவே கேட்டுக்குள் நுழைந்த உடனேயே டிஸ்பாச்சுக்கு நேரத்தோடு செய்தி அனுப்புங்கள். வந்த நேரம், வெளியேறிய நேரம் இரண்டையும் லோட் பத்திரத்தில் எழுதி, வாங்குபவரின் கையொப்பத்தை அதன் பக்கத்தில் வாங்குங்கள். கதவில் நின்று வேலை பார்த்த நேரத்தை லொக்கில் (வேலை, ஓய்வு நேரப் பதிவேட்டில்) ஓய்வு என்று போட்டுவிட்டு பிறகு டிடென்ஷன் கேட்டால், உங்கள் லொக்கையே காட்டி மறுப்பார்கள்.

டீம் விகிதம்

டீம் என்றால் ஒரே ட்ரக்கை இருவர் மாறி மாறி ஓட்டுவது. விளம்பரத்தில் 80 சதம் என்றிருந்தால் அது ட்ரக்குக்கு. உங்கள் பங்கு 40.

அமெரிக்க டொலரும் கனடிய டொலரும்

காணொளியில் அமெரிக்க ஓட்டுநர் சொல்லும் சதம் வேறு காசு. மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

60 மணி நேரத்தை எண்ணாதது

அமெரிக்காவில் மாநில எல்லை தாண்டி ஓடுகிற ஓட்டுநர்களுக்கு 1938-ஆம் ஆண்டின் தொழில் நியாயச் சட்டம் மேலதிக நேரச் சம்பளத்திலிருந்து விலக்கு வைத்திருக்கிறது. அதைக் கேட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறார்கள். கனடாவில் மாகாணமோ நாட்டு எல்லையோ தாண்டி ஓடும் கொம்பனிகள் மத்திய தொழிற் சட்டத்தின் கீழ் வருகின்றன. நெடுந்தூர ஓட்டுநருக்கு வாரத்தில் 60 மணிக்கு மேல் செய்த வேலை மேலதிக நேரம். நகருக்குள் ஓடுகிறவருக்கு நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 45. மைல் கணக்கில் சம்பளம் வாங்குவதால் இந்த உரிமை போவதில்லை. மேலே சொன்ன 63 மணி வாரத்தில் மூன்று மணி நேரம் மேலதிகம். அதை நிறுவ லொக்கின் பிரதியை வாராவாரம் உங்கள் கைபேசியிலும் சேமித்து வையுங்கள். வேலையை விட்ட பிறகு கொம்பனியின் செயலிக்குள் நுழைய முடியாது.

ட்ரக் இல்லாமலே கொம்பனி பதிவது

"உன் பேரில் ஒரு கொம்பனி பதி, மைலுக்கு எட்டுச் சதம் கூடத் தருகிறோம், கழிவு ஒன்றும் இல்லை" என்பார்கள். ட்ரக் அவர்களுடையது, டீசல் அவர்களுடையது, எப்போது எங்கே ஓடுவது என்பதும் அவர்கள் முடிவு. அப்படியிருந்தால் வருமான வரித்துறை உங்களைத் தொழில் முனைவராகப் பார்ப்பதில்லை. தனிநபர் சேவைக் கொம்பனி என்று வகைப்படுத்தினால் சிறு தொழில் வரிச் சலுகை கிடையாது. ஒன்ராறியோவில் மத்திய வரி 33, மாகாண வரி 11.5, கூட்டினால் 44.5 வீதம். இதோடு விடுமுறைச் சம்பளம் போய்விடும்: முதல் ஐந்து வருடத்தில் அது 4 வீதம், 72,000 டொலருக்கு 2,880. வேலையில்லாக் காப்புறுதி இல்லை. கனடா ஓய்வூதியத் திட்டத்தில் கொம்பனி கட்ட வேண்டிய பாதியும் உங்கள் தலையில். ட்ரெய்லர் கதவு தோளை முறித்தால் தொழிலாளர் விபத்துக் காப்புறுதியும் பெரும்பாலும் இருக்காது. காசோலையோடு எச்எஸ்டி என்ற விற்பனை வரி 13 வீதம் சேர்ந்து வருவதைச் சம்பளம் என்று செலவழித்தவர்கள் அடுத்த வருடம் வட்டியோடு கட்டுகிறார்கள். ட்ரக் உங்களுடையதாக இல்லாதவரை ரி4, அதாவது சம்பள ஊழியருக்கான வரிச் சீட்டு, கேளுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கை எழுதாமல் விடுவது

நெடுந்தூர ஓட்டுநர் ஒரு சாப்பாட்டுக்கு 23 டொலர், நாளுக்கு மூன்று வரை, ரசீது இல்லாமலே கணக்குக் காட்டலாம். அதில் 80 வீதத்தை வருமானத்திலிருந்து கழிக்கலாம். நாளுக்கு 55 டொலர் 20 சதம். 200 நாளுக்கு 11,040. தளத்தை விட்டு குறைந்தது 24 மணி வெளியே இருந்திருக்க வேண்டும், சரக்கு 160 கிலோமீற்றருக்கு அப்பால் போயிருக்க வேண்டும். சாப்பாட்டுக்குக் கொம்பனி ஏதாவது கொடுத்திருந்தால் அதைக் கழித்துத்தான் காட்ட வேண்டும். பயணத்தின் தொடக்க, முடிவு நேரங்களோடு ஒரு குறிப்பேடு அவசியம். இந்தச் செலவைக் கழிக்கக் கேட்கும் ரிஎல்2 படிவத்தில் கொம்பனியின் கையொப்பம் வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர்கள் போக முன்பே அதை வாங்கிக்கொள்ளுங்கள். ட்ரக்கிலேயே படுக்கிறவர்கள் குளியலுக்குக் கட்டிய காசையும் சேர்க்கலாம், அதற்கு மட்டும் ரசீது தேவை. படிவத்தை வரிக் கணக்கோடு அனுப்பத் தேவையில்லை. கேட்டால் காட்ட ஆறு வருடம் வைத்திருங்கள்.