ஈயின் காலில் கண்: வேலூர் வெயிலில் ஐலெஸ் சோதனை

பழ ஈயின் ஐலெஸ் மரபணு உண்டாக்கும் புரதம் டிஎன்ஏவில் உட்கார்ந்து, கண் உருவாகத் தேவையான மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும். அதை இறக்கையிலும் காலிலும் உண்டாக்கினால் அங்கேயும் கண் முளைக்கும் என்று 1995இல் வால்டர் கெரிங் குழுவினர் காட்டினார்கள். மனிதரில் இதன் இணை பாக்ஸ்6. அதில் ஒரு பிரதி பழுதானாலே குழந்தை ஐரிஸ் (கண்ணின் நிற வளையம்) இல்லாமல் பிறக்கலாம். ஈயின் காலில் கண் முளைக்கவைக்கும் சோதனையைக் கல்லூரி லேபிலேயே செய்துபார்க்க முடியும். ஆனால் முதலில் வெப்பத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். 30 டிகிரியிலேயே ஆண் ஈக்கள் மலடாகிவிடும். சாதா பாக்டீரியா இன்குபேட்டர் சூடாக்க மட்டுமே செய்யும், எனவே குளிரூட்டும் பிஓடி இன்குபேட்டரை 25 டிகிரியில் வையுங்கள். ஐலெஸை வேண்டிய இடத்தில் முடுக்கிவிட நாம் பயன்படுத்தும் கேல்4 புரதம் 18 டிகிரியில் மந்தமாகவும் 29இல் வேகமாகவும் வேலை செய்யும். கரண்ட் போய் வெப்பம் ஏறினால் கண்ணின் அளவும் மாறும், பழி மரபணு மேல் விழும்.

தீனி ஒரு லிட்டருக்கு: மக்காச்சோள மாவு 80 கிராம், சர்க்கரை 40, குளுக்கோஸ் 20, ஈஸ்ட் 15, அகர் 8. கடையில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டால் வெள்ளை ஸ்டார்ச்சைத்தான் தருவார்கள், அது உதவாது. காய்ச்சி 60 டிகிரிக்கு ஆறியபின் புரோப்பியானிக் அமிலம் 4 மில்லி சேருங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிப் பூஞ்சை பிடிக்கும்.

இரு பிரதியிலும் யூஏஎஸ்-ஐலெஸ் (கேல்4 வந்து உட்கார்ந்தால் ஐலெஸை உண்டாக்கும் அமைப்பு) உள்ள கன்னிப் பெண் ஈக்களை, டிபிபி-கேல்4/டிஎம்6பி டப்பி ஆண்களோடு சேருங்கள். இந்த ஆண்களின் ஒரு குரோமோசோமில் கால் போன்ற இடங்களில் கேல்4 உண்டாக்கும் டிபிபி-கேல்4 இருக்கும், அதன் இணையில் புழுவைக் குட்டையாக்கும் டப்பி அடையாளம் இருக்கும். பெண் ஈ கூட்டை விட்டு வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் அதைப் பிரிக்க வேண்டும். புதிதாக வந்ததன் வெளிர் வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும்.

ஐந்தாம் நாள் வாக்கில் புழுக்கள் குப்பிச் சுவரில் ஏறும். குட்டையாகத் தடித்திருப்பவை டப்பி, அவற்றில் கேல்4 இல்லை. ஒரே குப்பியில் வளர்ந்த இந்த உடன்பிறப்புகளை விட, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கன்ட்ரோல் கிடைக்காது. நீண்டவற்றில் சிலவற்றை வளரவிடுங்கள். பல ஈக்கள் கூட்டை விட்டு வெளிவராமலே செத்துப்போகும். அதனால் கூட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் காலில் சிவப்புக் கண் தெரியும்.

கண்ணுக்கும் மூளைக்கும் உள்ள இணைப்பைப் பார்க்க, மீதிப் புழுக்களைக் குளிர்ந்த பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) போட்டு, ஒரு ஃபோர்செப்ஸால் உடலின் நடுவைப் பிடித்து, மற்றொன்றால் வாய்க்கொக்கியை மெதுவாக இழுங்கள். மூளையும் கண் டிஸ்க்கும் (பின்னால் கண்ணாக மாறும் திசு) சேர்ந்தே வர வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் நடுவிலுள்ள மெல்லிய கண்காம்பு அறுந்துபோகும், பிறகு இணைப்பைப் பார்க்கவே வழியில்லை. 4% பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம் வைத்து, 0.3% டிரைட்டான் (செல் சவ்வில் துளையிடும் சோப்பு போன்ற பொருள்) கலந்த பிபிஎஸ்ஸில் மூன்று முறை கழுவுங்கள். டிரைட்டான் குறைந்தால் ஆன்டிபாடி மூளைக்குள் இறங்காது. பிறகு ஒளியுணர் செல்களில் ஒட்டும் 24பி10 ஆன்டிபாடி 1:100, 4 டிகிரியில் ஓரிரவு. மறுநாள் கழுவி, ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியில் இருட்டில் 2 மணி நேரம்.

டப்பி புழுவில் ஒளியுணர் செல்களின் இழைகள் கண்காம்பு வழியே போய் மூளையின் பார்வைப் பகுதியில் விரிந்திருக்கும். நீண்ட புழுவின் கால் டிஸ்க்கில் 24பி10 ஒளிர்ந்தால் அங்கே ஒளியுணர் செல் உருவாகியிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். அந்த இழை மூளைவரை போவதைக் கண்ணால் பார்க்காமல் அந்தக் கண் பார்க்கிறது என்று ரெக்கார்டில் எழுதிவிடாதீர்கள்.