பழைய 4ஏ-ஜிஈக்குப் புதுக் கொன்ரொட்: நான் தெரிவு செய்து பூட்டிய விதம்

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது, இருக்கிற காரையே ஒழுங்காகச் செய்வோம் என்று என் பழைய டொயோட்டா கொரோல்லாவின் 4ஏ-ஜிஈ எஞ்சினைக் கழற்றினேன். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைப்பது கொன்ரொட், சுருக்கமாக ரொட்; அது கிராங்கைப் பிடிக்கிற பக்கம்தான் பெரிய முனை. நான்காவது சிலிண்டரில் அந்தப் பெரிய முனை பேரிங் சூட்டில் நீலம் பூத்துக் கிடந்தது. பழைய ரொட்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபோர்ஜ்ட் (அடித்து உருவாக்கிய) ரொட் போடுவது என்று முடிவெடுத்த பிறகுதான், எதை வாங்குவது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது விளங்கியது. இப்போது மூன்று எஞ்சின் கட்டியாயிற்று. எஞ்சினை இறக்கிக் கழற்றுவது, ரிங் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே ரொட்டுக்கு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பெட்டியில் "600 குதிரைவலு தாங்கும்" என்று போட்டிருக்கும், எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில், ஓட்டப் போகிறோம் என்பதை. குதிரைவலு ரொட்டை அமுக்குகிறது, அமுக்கத்தை இரும்பு நன்றாகவே தாங்கும். ஆர்பிஎம் ரொட்டை இழுக்கிறது, அந்த இழுவை முழுவதையும் தாங்குவது கீழே இருக்கிற இரண்டு போல்ட். 4ஏ-ஜிஈயின் ஸ்ட்ரோக் 77 மில்லிமீட்டர், ரொட் நீளம் 122. 8,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 3,600 மடங்கு. பிஸ்டன், அதை ரொட்டோடு கோர்க்கிற பிஸ்டன் பின், ரிங், ரொட்டின் மேல் பாதி எல்லாம் சேர்த்து அரைக் கிலோ என்று வைத்தால், 1.8 தொன் இழுவை. 7,000 இலிருந்து 8,000 க்குப் போனால் சுற்று கூடியது ஏழில் ஒரு பங்குதான், இழுவையோ 30 வீதம் கூடிவிடும். அதிலும் மோசமான கணம், உச்ச சுற்றில் காலை அக்சிலரேட்டரில் இருந்து எடுக்கும்போது வருவது. அப்போது மேலே இருந்து அமுக்கிப் பிடிக்க எரிவாயு அழுத்தம் இல்லை. நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டியில் வளைவுக்கு முன் அவசரமாகக் கியர் குறைக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆகவே கம்பனி குறித்த சிவப்புக் கோட்டை, அதாவது உச்ச ஆர்பிஎம்மை, தாண்டாமல் காலி வீதியில் மட்டும் ஓடுகிற கார் என்றால், புது ரொட் வேண்டாம் என்றே சொல்வேன். பழைய ரொட்டையே விரிசல் சோதித்து, நல்ல போல்ட் போட்டு, பெரிய முனையை லேத் பட்டறையில் கொடுத்துத் திரும்ப வட்டமாக்கினால் போதும்.

வேண்டும் என்று முடிவெடுத்தால், அடுத்த வேலை அளவு. 4ஏ-ஜிஈ என்று கேட்டு மட்டும் வாங்காதீர்கள். ஆரம்ப கால ப்ளூ டொப் (மேல் மூடியில் நீல எழுத்துள்ள எஞ்சின்) கிராங்கில் ரொட் பேரிங் உட்காரும் இடம் 40 மில்லிமீட்டர், பிந்தியவற்றில் 42. கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிய எஞ்சின் என்றால் உள்ளே எந்தக் கிராங்க் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, முன்பு யாராவது மாற்றியிருப்பார்கள். கிராங்கைக் கையில் எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்த பிறகு ஓர்டர் கொடுங்கள். தவறாக வந்தால் சுங்க வரியும் கட்டித் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான்.

ரொட்டின் குறுக்குவெட்டு வடிவம் எச் பீமா, ஐ பீமா என்று நாள் முழுக்க வாதாடுவார்கள். நம் மாதிரி டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 4340 என்ற கலப்பு உருக்கில் ஒழுங்காகச் செய்த எச் பீம் எதுவும் போதும். டைட்டேனியம், அலுமினியம் பக்கம் போகவே வேண்டாம். நீளத்தை மாற்றாதீர்கள், மாற்றினால் பிஸ்டனும் மாற்ற வேண்டி வரும். நான் காசு கூடக் கொடுப்பது போல்ட்டுக்கு மட்டும். ஏஆர்பி கம்பனியின் ஏஆர்பி 2000 என்ற உலோகத்தில் செய்த போல்ட் என் தெரிவு. அதைவிடப் பலமான எல்19 என்ற உலோகப் போல்ட் இருக்கிறது, ஆனால் அதற்கு ஈரம் ஆகாது, ஈரம் பட்டால் உள்ளுக்குள் விரிசல் விடும். என் வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. ஓர் இரவு ஒயில் தடவாமல் மேசையில் வைத்த புது ரொட்டில் காலையில் என் பெருவிரல் ரேகை பழுப்பு நிறத்தில் வரி வரியாகப் பதிந்திருந்தது. இந்தக் காற்றில் எல்19 வைத்துக் கட்ட எனக்கு மனம் வராது. இன்னொன்று, போல்ட் எவ்வளவு நீள வேண்டும் என்று எழுதிய தாள் பெட்டிக்குள் இல்லாத ரொட் செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

வந்ததும் நிறுத்துப் பாருங்கள். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பனின் தராசில் நான்கையும் வைத்தேன், கூடியதற்கும் குறைந்ததற்கும் 1.2 கிராம் வித்தியாசம். இரண்டு கிராமுக்குள் இருந்தால் போதும். நான்கு சிலிண்டர் நேர் எஞ்சினில் பழைய ரொட்டைவிட எடை கூடக்குறைய இருந்தாலும் கிராங்கைத் திரும்ப பலன்ஸ் செய்யத் தேவையில்லை, நான்கும் தங்களுக்குள் ஒத்திருந்தால் சரி.

இனி போல்ட் இறுக்குவது. நான் சறுக்கியது இங்கேதான், ஆறுதலாக வாசியுங்கள்.

ரொட் போல்ட் ஒரு ஸ்ப்ரிங். இறுக்கும்போது அது கொஞ்சம் நீள வேண்டும், அந்த நீட்சிதான் பெரிய முனையின் கீழ்ப் பாதியான மூடியைப் பிடித்து வைத்திருக்கிறது. டோர்க் ரென்ச் காட்டுவது நீட்சியை அல்ல, போல்ட்டைத் திருப்ப எவ்வளவு பலம் போனது என்பதை. அந்தப் பலத்தில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும். என் முதல் எஞ்சினில் போல்ட்டோடு வந்த கிரீஸ் பக்கட் கிழிந்து காய்ந்திருந்தது, நான் எஞ்சின் ஒயிலைத் தடவி, தாளில் இருந்த டோர்க் இலக்கத்துக்கே இறுக்கினேன். ரென்ச் எட்டு முறையும் அழகாகக் கிளிக் என்றது. அப்புறம் ஆமர் வீதிப் பக்கம் லேத் வைத்திருக்கிற அண்ணா போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெச் கேஜை எடுத்து ஒரு போல்ட்டில் மாட்டினார். தாளில் கேட்டது 0.0055 அங்குலம், முள் நின்றது 0.0035இல்.

"தம்பி, இது இறுகேல்ல. இறுக்கின மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

எட்டையும் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டினேன். இப்போது நான் செய்கிற முறை இது: ஒவ்வொரு போல்ட்டுக்கும் இலக்கம் கொடுத்து, இறுக்காத நீளத்தை அளந்து கொப்பியில் எழுதுவேன். மரையிலும் தலைக்குக் கீழேயும் கம்பனி சொன்ன கிரீஸை மட்டும் தடவுவேன். மூன்று முறை இறுக்கித் தளர்த்தி உராய்வைச் சீராக்கி, நான்காவது முறை கேஜைப் பார்த்துப் பார்த்து இறுக்குவேன். ரொட்டை வெறும் வைஸில் கடிக்க வைக்காதீர்கள், அலுமினியத் தகடு வைத்துப் பிடியுங்கள், ஒரு கீறல் விழுந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு எப்போதாவது கழற்றினால் நீளத்தைத் திரும்ப அளந்து, 0.001 அங்குலம் நிரந்தரமாக நீண்டிருந்தால் அந்தப் போல்ட்டைக் குப்பையில் போடுங்கள். ஸ்ட்ரெச் கேஜ் வாங்க முடியாவிட்டால் இரவல் வாங்குங்கள், அது இல்லாமல் ரொட் பூட்ட வேண்டாம்.

பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் போல்ட் முழு நீட்சியில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும், போல்ட் இறுகும்போது துளையின் வடிவமே மாறும். நசுங்கும் பிளாஸ்டிக் இழையின் அகலத்தை வைத்து அளக்கும் ப்ளாஸ்டிகேஜை நான் நம்புவதில்லை, துளையின் உள்விட்டத்தை அளக்கும் டயல் போர் கேஜ்தான். 42 மில்லிமீட்டர் கிராங்குக்கு 0.04 மில்லிமீட்டர் அளவில் வந்தால் எனக்குத் திருப்தி. வெயிலில் கிடந்த ரொட்டை உடனே அளக்காதீர்கள், மைக்ரோமீட்டரும் ரொட்டும் கிராங்கும் ஒரே மேசையில் ஓர் இரவு கிடக்கட்டும்.

பூட்டும்போது மூடியின் இலக்கமும் ரொட்டின் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், பெரிய முனையில் சாய்த்து வெட்டிய பக்கம், கிராங்கில் பேரிங் உட்காரும் இடத்தின் ஓரத்து வளைவை நோக்கி இருக்க வேண்டும். பிறகு கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, போல்ட் தலை எங்காவது புளொக்கில் தட்டுகிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்து ரொட் வாங்கிய ஒருவர் பிஸ்டன் பூட்டும்போது மாட்டிக்கொண்டார், அதை நான் எழுதாமல் விட்டது பிழை. பழைய ரொட்கள் பலவற்றில் பிஸ்டன் பின் சூடாக்கி இறுகப் பொருத்தியது. புது ரொட்டில் வெண்கல புஷ், பின் அதில் சும்மா மிதக்கும். அப்படியென்றால் பின் வெளியே வராமல் தடுக்கப் பிஸ்டனில் சேர்க்ளிப் என்ற கம்பி வளையம் உட்காரும் பள்ளம் வேண்டும், அவருடைய பழைய பிஸ்டனில் அது இல்லை. பிஸ்டன் பின் துளையின் வெளிமுனைக்குச் சற்று உள்ளே நகத்தால் தடவுங்கள், பள்ளம் தட்டுப்படாவிட்டால் ரொட்டோடு பிஸ்டனுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். சேர்க்ளிப்பை ஒரு முறை கழற்றினால் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள்.