பழைய இசைக்கருவியை இணையத்தில் வாங்குமுன் கேட்க வேண்டிய படங்கள்

இணையத்தில் விற்பனைக்கு வரும் கிட்டாரையோ வயலினையோ தொட்டுப் பார்க்க முடியாது, வாசித்துப் பார்க்கவும் முடியாது. விற்பவரின் சொல்லையும் நாலு படங்களையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதனால் விலையை ஏற்றும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படம் கேளுங்கள். படம் வராத சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் விலை. ஒரு மாடலைத் தேடினால் வரும் விளம்பரங்கள் எல்லாம் இன்னும் விற்காதவை. நியாயமான விலைக்கு வந்தவை விற்றுப் போயிருக்கும். மிஞ்சிக் கிடப்பது அதிக விலைதான். அதைப் பார்த்து அடுத்தவரும் அதே விலையைப் போடுகிறார். ஆகவே கேட்கும் விலையை விட்டுவிட்டு விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. கடந்த 90 நாள் விற்பனை அதில் தெரியும். ஒரே மாடல், ஒரே நிலையில் உள்ள ஐந்து விற்பனைகளையாவது எடுத்து, மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு, மற்றவற்றின் சராசரியில் நில்லுங்கள். தேவைப்படும் பழுதுச் செலவை அதிலிருந்து கழியுங்கள்.

அடுத்து, ஏமாற்றும் சொற்கள். 1970களில் ஜப்பானில் செய்த நகல் கிட்டார் எதுவானாலும் ‘லாசூட் கிட்டார்’, அதாவது வழக்குக்கு உள்ளான கிட்டார், என்று பெயர் சூட்டி விலையேற்றுகிறார்கள். பேசப்படும் அந்த வழக்கு, 1977இல் அமெரிக்க கிட்டார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஜப்பானின் ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது போட்டது. சண்டை கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது, தரத்தைப் பற்றியதல்ல. நல்ல ஜப்பானிய நகல்கள் உண்டு. ஆனால் இந்தப் பெயருக்காக ஒரு காசும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

வயலினுக்குள் ஒட்டிய ‘ஸ்ட்ராடிவேரியஸ்’ சீட்டும் இப்படித்தான். புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவேரி இறந்தது 1737இல். 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) மொத்தமாகச் செய்த வயலின்களில், எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதைச் சொல்ல அந்தச் சீட்டை ஒட்டினார்கள். சீட்டில் ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது பெரும்பாலும் 1890க்குப் பிறகு ஏற்றுமதிக்காகச் செய்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது அந்த ஆண்டில்தான்.

பழைய சாக்ஸபோன், கிளாரினெட் வாங்குபவர்கள் உடலில் பொறித்த எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘ஹை பிட்ச்’ என்றோ அதன் முதலெழுத்துகளோ இருந்தால் விட்டுவிடுங்கள். இன்றைய சுருதியில் ‘ஏ’ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்; அவை 450ஐத் தாண்டிய சுருதிக்குச் செய்தவை. வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸை வெளியே இழுத்தால் ஒரு ஸ்வரம் சேரும், மற்றவை ஒன்றுக்கொன்று விலகும். எந்தப் பழுதுபார்ப்பாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

கீபோர்டு, ஆம்ப் போன்றவற்றில் ‘சோதிக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் வேலை செய்யாதது என்றே கணக்கிடுங்கள். பிளக்கில் சொருகிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கிட்டாருக்கு வருவோம், பணம் அதிகம் போவது இங்கேதான். ‘ஸ்ப்ரூஸ் டாப்’ (ஸ்ப்ரூஸ் மரத்தில் மேல் பலகை) என்று மட்டும் இருந்து ‘சாலிட்’ என்ற சொல் இல்லையென்றால் அது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. ஒலித்துளையின் விளிம்பை அருகில் படம் கேளுங்கள்: மேலே உள்ள மரக்கோடுகள் விளிம்பின் குறுக்கேயும் இறங்கினால் முழுமரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

பிறகு கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களில் 12ஆவதில் ஸ்கேல் வைத்து ஒரு படம். தடித்த ஈ தந்தி சுமார் 2.5 மி.மீ., மெல்லியது சுமார் 2 மி.மீ. உயரத்தில் இருந்தால் நல்லது. 4 மி.மீ.க்கு மேல் இருந்தால், மேல் பலகையில் தந்திகள் முடியும் பிரிட்ஜைப் பக்கவாட்டிலிருந்து காட்டச் சொல்லுங்கள். தந்தி தாங்கும் சேடிலில் உயரம் மிச்சமிருந்தால் அதைத் தேய்த்துக் குறைக்கலாம், சின்ன வேலை. சேடில் ஏற்கெனவே தேய்ந்து பிரிட்ஜோடு சமமாகிவிட்டும் தந்தி உயரமாகவே இருந்தால், கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றி மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். சாதாரண கிட்டாருக்கு அந்தச் செலவு கிட்டாரின் விலையையே தாண்டும்.

கிப்சன் வகையில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் நட்டுக்கு (கழுத்தின் முனையில் தந்தி தாங்கும் துண்டு) பின்னால்தான் முறியும். பத்துப் படங்கள் போட்டவர் அந்த ஓர் இடத்தை மட்டும் காட்டவில்லையென்றால் கட்டாயம் கேளுங்கள். வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும். ஒட்டிய கோடு அப்போதுதான் தெரியும்.

1977 முதல் 2005 வரையிலான பெரும்பாலான கிப்சன்களில் எட்டு இலக்க வரிசை எண் இருக்கும். முதல், ஐந்தாம் இலக்கங்கள் ஆண்டு. இடையில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 82101567 என்றால் 1981இன் 210ஆவது நாள். அந்த மூன்று இலக்கம் 366ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். பொருந்திவிட்டதாலேயே நம்பிவிடவும் வேண்டாம், போலியிலும் சரியான எண்ணைப் பொறிக்கலாம். கிப்சனின் லெஸ் பால் மாடலில், கழுத்துக்குள் செல்லும் கம்பியான ட்ரஸ் ராடின் மூடியையும் பாருங்கள்: அசலில் இரண்டு திருகு, பல போலிகளில் மூன்று.

வயலினில் கவனிக்க வேண்டியது முதுகுப் பலகையில் சவுண்ட்போஸ்ட் (உள்ளே இரு பலகைகளுக்கும் நடுவே நிற்கும் மரக்குச்சி) நிற்கும் இடம். அங்கே விரிசல் இருந்தால், ஒட்டியிருந்தாலும் மதிப்பு பாதிக்கு மேல் விழக்கூடும். எஃப் துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே ஒரு படம் கேளுங்கள்.

‘பிரேசிலியன் ரோஸ்வுட்’ என்று விலை ஏற்றியவரிடம் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். 1992 முதல் அந்த மரம் கடுமையான தடைப்பட்டியலில் இருக்கிறது. தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதலாகலாம்.

கடைசியாக, இன்றைய தேதி எழுதிய தாளைத் தந்திகளுக்கு இடையில் செருகி ஒரு படம் கேளுங்கள். அடுத்தவர் படத்தைத் திருடிப் போட்டவரால் இதைத் தர முடியாது. தளத்துக்கு வெளியே பணம் கேட்டாலோ, பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியில் போடச் சொன்னாலோ விலகிவிடுங்கள். அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை.

பெட்டி வந்ததும், வெட்டுவதற்கு முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். குளிரில் வந்த கருவியைப் பெட்டியை மூடியபடி சில மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் திறங்கள், வார்னிஷ் வெடிக்காது. வயலினில் சவுண்ட்போஸ்ட் விழுந்திருந்தால் தந்தியை முறுக்காதீர்கள், மேல் பலகை அமுங்கிப் பிளக்கும். வரிசை எண்ணையும் படங்களையும் ஒப்பிட்டு, பொருந்தாதது எதுவானாலும் அன்றைக்கே தளத்தின் வழியாக எழுத்தில் தெரிவியுங்கள்.