கோழிப் பண்ணை வெளிச்சத்தைத் தாண்டி: கையில் இருப்பதை வைத்து வானத்தைப் படமெடுப்பது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், டெலஸ்கோப் வாங்காதீர்கள். அட்டைப்பெட்டியில் சனிக்கிரகத்தின் படத்தைப் போட்டு, ஐந்நூறு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று எழுதி விற்பார்களே, அதைத்தான் நானும் முதலில் வாங்கினேன். நிலாவைத் தவிர எதைப் பார்த்தாலும் கலங்கலாக ஆடியது. இப்போது அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு அட்டாலியில் தேங்காய்ச் சாக்குக்குப் பின்னால் கிடக்கிறது.

கையில் இருக்கும் போனே ஆரம்பத்துக்குப் போதும். அதில் 'புரோ' மோடு இருந்து ஷட்டரை 15 விநாடி வரை திறந்து வைக்க முடிந்தால் சரி. காசு போடுவதென்றால் டிரைபாடுக்குப் போடுங்கள், அதுவும் கொஞ்சம் கனமானதாக. போனில் மனசு நிறையவில்லை என்றால் அப்புறம் பழைய டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) ஒன்று தேடலாம், நம் கொங்குப் பக்கத்துக் கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால் பழைய கேமராவை 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸோடு தள்ளிவிடத் தயாராக இருப்பார்கள். வாங்கும் முன் லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்த உபகரணம் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். நிலா இருந்தால் பால்வீதி கிடையாது, அவ்வளவுதான். அமாவாசையும் அதன் முன்பின் மூன்று நாலு நாட்களும் ராத்திரி முழுக்க உங்களுடையது. தேய்பிறை அஷ்டமி வந்துவிட்டால் நிலா ஏறவே நடுராத்திரி ஆகும், அதனால் முன்னிரவில் எடுக்கலாம். வளர்பிறை அஷ்டமிக்குள் என்றால் பின்னிரவு.

எந்த மாதத்தில் எதை எடுப்பது? தை, மாசியில் இரவு ஒன்பது மணிக்கே வேட்டைக்காரன் (ஓரியன்) மண்டலம் உச்சிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்குக் கீழே மங்கலான ஒரு திட்டு. அந்தத் திட்டுதான் ஓரியன் நெபுலா, வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இலக்கு கிடையாது. பால்வீதியின் நடுப்பகுதி வேண்டுமென்றால் பங்குனித் தொடக்கத்தில் விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் தென்கிழக்கே பாருங்கள். தேள் மாதிரி வளைந்து கிடக்கும் கூட்டத்தில் சிவப்பாக இருப்பது கேட்டை, வால் பக்கம் மூலம். மூலத்துக்குப் பக்கத்தில்தான் நம் பால்வீதியின் மையமே இருக்கிறது. ஜாதகத்தில் மூலத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஒரு தடவை வந்து நேரில் பார்க்கலாம். சித்திரையில் அதே காட்சி நடுராத்திரிக்கு மேலேயே கிடைக்கும், மழை மேகம் விட்டுக்கொடுத்தால். அந்த மாதத்திலேயே இரவு ஒன்பதரை மணிவாக்கில் தெற்கே தென்சிலுவையும் தெரியும், அடிவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரத்தில் (கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அதுதான் ஒரு முட்டி, ஏறக்குறைய 10 டிகிரி). டெல்லிக்காரர்களுக்கு அது அடிவானத்தோடு ஒட்டிப் போய்விடும், நமக்குத்தான் இந்த யோகம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் காற்றும் அடித்துக்கொண்டு வரும், அப்போது கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

இடம்தான் பெரிய விஷயம். கோவையிலோ திருப்பூரிலோ மொட்டை மாடியில் நின்றால் நிலாவும் கிரகங்களும் மட்டும்தான் கிடைக்கும். நமக்கு வேண்டிய காட்சி தெற்கே இருப்பதால், ஊர் வெளிச்சம் உங்களுக்கு வடக்கே இருக்கும்படி நில்லுங்கள். நான் போவது குண்டடம் பக்கம் அம்மிச்சி தோட்டத்துக்கு; திருப்பூர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது, காயப்போட்ட தேங்காயை எடுத்துவிட்டால் களம் மேடை மாதிரி இருக்கிறது. சொந்தக்காரர் தோட்டம் ஒன்று இல்லாத கொங்குக்காரர் யார்? கேட்டால் சாளை (தோட்டத்து வீடு) சாவியையே கொடுப்பார்கள். ஆனால் பக்கத்தில் கோழிப் பண்ணை இருக்கிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள், பல பண்ணைகளில் விடிய விடிய விளக்கு எரியும். காற்றாலை இருந்தால் உச்சியில் மினுக்கும் சிவப்பு விளக்கு படத்தில் வரிசையாகப் பொட்டு வைத்துவிடும். திம்பம், அமராவதிக் காட்டு ஓரம் என்று இருட்டைத் தேடிக் கிளம்பாதீர்கள். யானை நடமாடும் இடம், திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு.

அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் சொல்லாமல் போன முதல் ராத்திரி, மோட்டார் வயர் திருட வந்தவன் என்று நினைத்து இரண்டு பேர் தடியோடு வந்துவிட்டார்கள். விளக்கம் சொல்லி, படத்தைக் காட்டி, அவர்களும் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தது தனிக் கதை. பூட்ஸ் போடுங்கள், பாம்பு இருக்கும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் ஒட்டினால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.

இனிப் படம். கேமராவை மேனுவலில் போட்டு, லென்ஸை 18 மில்லிமீட்டரில் வைத்து, துவாரத்தை முழுக்கத் திறந்து (இந்த லென்ஸில் எஃப் 3.5), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்ற அளவு) 1600 அல்லது 3200, ஷட்டர் 15 விநாடி, ஃபைல் ரா (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு). ஏன் 15? பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 டிகிரி நகர்கின்றன, அதிக நேரம் திறந்துவைத்தால் புள்ளி கோடாகிவிடும். 500-ஐ லென்ஸின் குவிய நீளத்தால் (இங்கே அந்த 18 மில்லிமீட்டர்) வகுத்தால் வருவதுதான் விநாடிக் கணக்கில் எல்லை. சின்ன சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) என்றால் அந்த நீளத்தை முதலில் 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 18-ஐ 1.6-ஆல் பெருக்கி வகுத்தால் 17 விநாடி வருகிறது, 15 பத்திரம். போனிலும் மெயின் கேமராவுக்கு இதே 15 போதும்.

ஃபோகஸில்தான் எல்லோரும் கோட்டைவிடுவார்கள். லென்ஸில் முடிவிலிக் குறி இருந்தாலும் அதை நம்பாதீர்கள். ஆட்டோவை அணைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தை நூல் நூலாகத் திருப்புங்கள், அப்புறம் அதன் மேல் ஒரு டேப். லென்ஸில் ஆட்டம் குறைக்கும் ஸ்விட்ச் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். விரல் பட்டால் ஆடும், அதனால் இரண்டு விநாடி டைமர். காற்றடித்தால் டிரைபாடின் நடுவில் ஒரு பை கல்லைத் தொங்கவிடுங்கள். மார்கழிப் பனியில் லென்ஸ் அரை மணியில் வியர்த்துவிடும், அடிக்கடி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு படத்தோடு நிறுத்தாமல் அதே இடத்தை முப்பது நாற்பது எடுங்கள். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, அதே செட்டிங்கில் பதினைந்து கருப்புப் படம். வீட்டுக்கு வந்து சீக்வேட்டர் அல்லது சிரில் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் அடுக்கினால், பதினாறு படத்துக்கு இரைச்சல் (படத்தில் மணல் தூவியது போல் தெரியும் புள்ளிகள்) கால்வாசியாகக் குறையும். கருப்புப் படங்கள் சென்சாரின் சூட்டுப் புள்ளிகளைக் கழித்துவிடும். முதல் தடவை அடுக்கி முடித்து வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றும்போது, சாம்பல் திட்டாக இருந்ததிலிருந்து பால்வீதி எழுந்து வரும் பாருங்கள், அதற்கப்புறம் ராத்திரி தூக்கம் போச்சு.

நட்சத்திரத்தைத் தொடர்ந்து போகும் டிராக்கர் கடையில் விலை அதிகம். கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு எம்-6 திருகாணி (6 மில்லிமீட்டர் தடிமன், ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகர்வது) போதும், நாமே செய்துகொள்ளலாம். கீலின் அச்சிலிருந்து 228.5 மில்லிமீட்டரில் திருகாணியைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று கையால் சுற்றினால் கேமரா வைத்த பலகை வானத்தோடு சேர்ந்து நகரும், சில நிமிடம் வரை தாக்குப்பிடிக்கும். கீலின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். அது நமக்கு வடக்கே 11 டிகிரி உயரம்தான், ஒரு முட்டியும் ஒரு விரலும். சுற்றும்போது கேமரா மேற்கே நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதலில் தப்பான பக்கம் சுற்றி, நட்சத்திரமெல்லாம் இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுபட்டு வந்தது.