பைன் செடி வாங்குறீங்களா, உயரத்தை விடுங்க, கவரைக் கிழிச்சு வேரைப் பாருங்க

போன ஞாயித்துக்கிழமை ஏற்காடு மலையில நாகலூர் பக்கத்துல புதுசா வீடு கட்டின தம்பி ஒருத்தர் கூப்பிட்டாருன்னு போயிருந்தேன். கார் டிக்கியைத் திறந்து ரெண்டு பைன் செடியைக் காட்டினாரு. கீழ சேலத்துல வாங்கினதாம், ஒவ்வொண்ணும் ஆறடி உயரம், ஆனா நிக்கிறது ஒரு சொம்பு தண்டி கருப்பு கவர்ல. "அண்ணா பாருங்க, இப்பவே என்னை விட உயரம், மூணு வருசத்துல மரமாயிடும்"னு அவருக்கு அவ்வளவு சந்தோசம். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. 2009-ல இதே மாதிரி செடியைத்தான் நானும் இருபது கொண்டை ஊசி வளைவும் பத்திரமா பிடிச்சுக்கிட்டு மேல கொண்டுவந்தேன்.

தண்ணி ஊத்துங்க, வெயில் படுற இடமா வைங்க, இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அதை விட்டுடுறேன். மலையில வீடு கட்டி வர்றவங்க திரும்பத் திரும்ப பண்றதையும், நான் பண்ணி நட்டப்பட்டதையும் மட்டும் எழுதுறேன்.

பைன்தானான்னு பாக்காம வாங்குறது

நிறைய இடத்துல கிறிஸ்துமஸ் மரம்னு குடுக்குறது அரோகேரியா. தட்டுத் தட்டா கிளை விரிச்சு அழகா இருக்கும், ஆனா அது பைன் கிடையாது. சவுக்கும் பைன் கிடையாது. பைன்னா ஊசி இலை கொத்துக் கொத்தா வரும், ஒரு கொத்தைப் பிடுங்கிப் பாத்தா அடியில சின்னதா ஒரு உறை சேத்துப் பிடிச்சிருக்கும். பட்டுலான்னு சொல்ற மெக்சிகோ பைனுக்கு பொதுவா மூணு ஊசி, வாரிவிட்ட தலைமுடி மாதிரி தொங்கும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் நட்டு நல்லா வந்தது அதுதான், நம்ம ஏற்காட்டு குளிருக்கும் ஒத்துப்போகுது. தென்னிந்தியாவுல பைன் தானா முளைச்ச காடு எங்கயும் இல்லை, இந்தியாவுல அதுக்கு ஊர் இமயமலையும் வடகிழக்கு மலைகளும்தான், இங்க இருக்குறது எல்லாம் யாரோ கொண்டுவந்து வெச்சது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கீழ மண்ணைப் பத்தி சொல்றப்போ வேணும்.

சேலம் டவுன்ல பட்டுலா

வேண்டாம். 280 மீட்டர் உயரத்துல சித்திரை வெயில்ல அது தாங்காது. மாக்னசைட்னு சொல்ற வெள்ளைக்கல் வெட்டுற பக்கம் மண்ணே காரம், ஊசி மஞ்சளாகி நிக்கும். மரம்தான் வேணும்னா அரோகேரியாவே வைங்க.

வேர் சுருண்ட செடியை நடுறது

இதைத்தான் நான் நீட்டி எழுதணும், ஏன்னா இன்னைக்கும் நினைச்சா ஆத்திரமா வருது.

பைன் விதை முளைச்சதும் முதல் வேலையா ஆணிவேரைக் கீழ இறக்கும். மேல விரல் நீளம் இருக்குறப்பவே கீழ கவர் அடியைத் தொட்டுடும். தொட்டதும் போக வழியில்லாம திரும்பும், கவரை ஒட்டியே சுத்த ஆரம்பிக்கும். ஆறு மாசத்துல, மிஞ்சினா ஒரு வருசத்துல எடுத்து நட்டுட்டா பிரச்சினை இல்லை. விக்கலைன்னு அதே கவர்ல மூணு வருசம், நாலு வருசம் போட்டு வெச்சா மேல ஆறடி வளந்து நிக்கும், கீழ வேர் பத்து சுத்து சுத்தியிருக்கும். வாங்குறவங்க கண்ணுக்கு உயரம்தான் தெரியுது, அதனால விக்கிறவங்களும் பழைய செடியைத்தான் முன்னாடி வரிசையில நிறுத்துறாங்க, அதுக்கு விலையும் கூட.

நட்டதுக்கு அப்புறம் மண்ணுக்குள்ள போய் வேர் தானா நிமிந்துக்கும்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் தப்பு. சுருண்ட வேர் சுருண்ட படியேதான் தடிக்கும். புதுசா வர்ற சல்லிவேர் வெளிய போய் தண்ணி எடுத்துக் குடுத்துடும், அதனால மரம் பச்சையா செழிப்பா மேல ஏறும், பாக்குறவனுக்கு ஒரு சந்தேகமும் வராது. ஆனா மரத்தைப் பிடிச்சு நிறுத்துற பெரிய வேர் நாலாபக்கமும் ஓடியிருக்கணும்ல, அது ஒண்ணு கூட இருக்காது.

என் மரம் பதினோரு வருசத்துல நாப்பது அடி. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுப்பாங்க. ஒரு ஐப்பசி ராத்திரி மழையோட காத்தும் சேந்து அடிச்சது, விடியக்காலை மூணு மணிக்கு ஏதோ லாரி மோதின மாதிரி சத்தம். டார்ச் அடிச்சுப் பாத்தா மரம் பக்கத்துக்காரர் காம்பவுண்ட் சுவத்து மேல, அதையும் தாண்டி அவரோட காப்பி காயப்போடுற களத்து மேல நீட்டமா படுத்திருக்கு. அந்த நேரத்துல அங்க ஆள் நடமாட்டம் இல்லாததுதான் தெய்வாதீனம். சந்துக்குள்ள வண்டி வராது, எட்டு பேர் ரெண்டு நாள் அறுத்துத் தூக்கினாங்க, சுவரையும் கட்டிக் குடுத்தேன், எல்லாம் சேத்து அறுபதாயிரத்துக்கு மேல போச்சு.

பணத்தை விட எனக்கு மனசுல நிக்கிறது அந்த அடிமரம்தான். நாப்பது அடி மரத்துக்கு பெயந்து வந்த வேர்க்கட்டு ஒரு முறம் அகலம் கூட இல்லை. மண்ணைத் தட்டிவிட்டுப் பாத்தா மணிக்கட்டு தடிமன்ல ரெண்டு வேர் ஒண்ணை ஒண்ணு நெரிச்சுக்கிட்டு தலைச்சும்மாடு மாதிரி வட்டமா சுத்தியிருக்கு. அந்த வட்டம் அப்படியே 2009-ல நான் வாங்கின கவரோட அளவு. இடுக்குல கருப்பு பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு, தண்ணி வடியுற ஓட்டையோட, மக்காம அப்படியே இருந்துச்சு. கவரை முழுசா உருவாம பக்கவாட்டுல கீறிவிட்டு நட்டிருக்கேன். அதே வாரம் மேல்வீட்டு அம்மா ஒரு சாண் நாத்து நட்டாங்க, "இதெல்லாம் எப்பம்மா மரமாகுறது"ன்னு நான்தான் கேட்டேன். அவங்க மரம் அந்தக் காத்துலயும் அசையலை, இன்னைக்கும் நிக்குது.

அதனால வாங்குறப்போ ஒரு அடிக்குள்ள இருக்குற செடியா எடுங்க, கவர் செடியோட ஒப்பிட்டா பெருசா தெரியணும், செடி கவரை விட ரொம்பப் பெருசா தெரியக்கூடாது. வேர் கவரைக் கிழிச்சுக்கிட்டு தரையில இறங்கிப் பிடிச்சிருந்தா அது பழைய சரக்கு, விட்டுடுங்க. உள்பக்கம் நெட்டுக்குத்தா வரி வெச்ச ரூட் ட்ரெயினர் தட்டுல வளத்தது கிடைச்சா இன்னும் நல்லது, அதுல வேர் சுத்தாம நேரா கீழ இறங்கும். நடுறப்போ கவரை முழுசா உருவி எடுங்க, மண்கட்டியோட அடியில அரை இஞ்ச் அளவுக்கு பிளேடால சீவிடுங்க, அங்கதான் முதல் சுத்து இருக்கும். பக்கத்துல சுத்துற மெல்லிசு வேரை மேல இருந்து கீழ ரெண்டு மூணு இடத்துல கீறிவிடலாம். சுத்தியிருக்குற வேர் பென்சில் தடிமனுக்கு மேல இருந்தா கீறி எல்லாம் பிரயோசனம் இல்லை, அந்தச் செடியை நடாதீங்க, காசு போனா போகட்டும்.

ஏற்கனவே நட்டுட்டவங்க, ரெண்டு மூணு வருச மரமா இருந்தா மழை விட்ட மறுநாள் தண்டை நெஞ்சு உயரத்துல பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க. தண்டு வளைஞ்சா சரி. தண்டு வளையாம அடியோட மண்ணு பிளந்து ஆடுச்சுன்னா கீழ பிடிப்பு இல்லைன்னு அர்த்தம். அதை இப்பவே எடுத்துட்டு சின்ன நாத்து வைக்கிறதுதான் புத்தி. கம்பு நட்டு இறுக்கிக் கட்டி வெச்சா நின்னுக்கும்னு சொல்வாங்க, அது மரம் ஆடாம மறைக்குமே தவிர வேரைக் குடுக்காது.

புது மண்ணுல மொட்டையா நடுறது

பைன் வேரோட சேந்து வாழுற பூஞ்சை ஒண்ணு இருக்கு, வேர் நுனியைப் போத்திக்கிட்டு மண்ணுல இருக்குற பாஸ்பரசை எல்லாம் அதுதான் உறிஞ்சிக் குடுக்கும், பதிலுக்கு மரம் அதுக்கு சர்க்கரை குடுக்கும். பைன் இயற்கையா இல்லாத ஊர்ல மண்ணுல இந்தப் பூஞ்சை இருக்காது. வெளிநாடுகள்ல அப்படிப்பட்ட இடத்துல நட்ட நாத்து மஞ்சளாகி வளராம நின்னு, பழைய பைன் அடிமண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் எழுந்திருச்சிருக்கு. நீங்களும் நல்லா வளந்த பைன் மரத்தடியில பாதி மக்கின ஊசியை விலக்கி, வெள்ளை நூல் மாதிரி இழை ஓடுற மண்ணுல ரெண்டு கை அள்ளிட்டு வந்து குழியில போடுங்க, மரத்துக்காரங்ககிட்ட கேட்டுட்டு. யூரியாவை விட இது ஆயிரம் மடங்கு வேலை செய்யும்.

காப்பிக்குப் போடுறதை இதுக்கும் போடுறது

எஸ்டேட்ல காப்பிக்கு சுண்ணாம்பு போடுறப்போ மிச்சத்தை பைன் அடியிலயும் தூவிடுறாங்க. பைனுக்கு புளிப்பு மண்ணுதான், அதாவது அமில மண்ணுதான் வேணும், சுண்ணாம்பு ஆகாது. காப்பிக்கு அடிக்கிற பூஞ்சை மருந்து போர்டோ கலவை மிஞ்சினாலும் வேர்ல ஊத்தாதீங்க, மேல சொன்ன பூஞ்சைக்கு அது கெடுதல்.

உச்சியை வெட்டுறது

வெட்டாதீங்க. பட்டுலா மாதிரி பைன் எல்லாம் ஊசி இல்லாத மொட்டைக் கட்டையில இருந்து பெரும்பாலும் துளிர்க்காது.

வீட்டு ஓரம், கரண்ட் கம்பிக்கு அடியில

நூறு அடி தாண்டக்கூடிய மரம். எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு தள்ளி வைக்க இடம் இல்லைன்னா வைக்கவே வேண்டாம். அப்புறமா வெட்டிக்கலாம்னும் நினைக்காதீங்க, மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லயே சட்டம் வந்தாச்சு, வெட்டுறதுக்கு அனுமதி கேட்டு நடக்கணும்.

காஞ்ச ஊசியை அப்படியே விடுறது

மரத்தடியில நாலு விரல் கனத்துக்கு இருந்தா நல்லதுதான், ஈரம் நிக்கும். ஆனா அதுல பிசின் இருக்கு, மாசியில இருந்து கோடை மழை விழுற வரைக்கும் ஒரு பீடி நெருப்பு போதும். ஓட்டு மேல, பள்ளத்தகடுல, விறகு அடுக்கின இடத்துல விழுந்ததை எல்லாம் வாரம் ஒரு தடவை கூட்டி அள்ளிடுங்க, வீட்டைச் சுத்தி பதினஞ்சு அடிக்கு வெறும் தரையா இருக்கட்டும்.